மின் இணைப்பு இல்லாத இடத்தில் வண்டியோடு தங்க: ஒரு பேட்டரிக் கணக்கு

கேரவன் என்றதும் கொங்கு நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் பக்கம் படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் நீளமான வண்டிகள்தான். அவற்றுக்குத் துணையாக ஜெனரேட்டர் ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வேனையோ டெம்போ டிராவலரையோ வீடுபோல அமைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது. அந்த இரைச்சலோடு யாருடைய தோட்டத்திலும் இரவு தங்க முடியாது, தங்கவும் கூடாது. நமக்கு இருப்பது ஒரு பேட்டரி, கூரைமேல் சூரியப் பலகை, வண்டி ஓடும்போது சுழலும் டைனமோ. இவை மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் நிம்மதியாக இருக்கலாம். அதற்கான வழிதான் இது.

புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு பெரிய பேட்டரி வாங்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அந்தக் கேள்வியைப் பின்னால் தள்ளிவைப்பேன். ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அது எங்கிருந்து திரும்பி வருகிறது, வண்டியை எங்கே நிறுத்தப்போகிறோம் என்பவை தெரிந்துவிட்டால் பேட்டரியின் அளவு தானாகவே வந்து நிற்கும். கடைக்காரர் சொல்லும் அளவு அவர் கையிருப்பைப் பொறுத்தது.

முதல் வேலை: செலவை யூனிட்டில் எழுதுங்கள்

பேட்டரிக் கடையில் ஆம்பியர்-மணி என்பார்கள். சோலார் கடையில் வாட் என்பார்கள். புதியவர் குழம்பிப்போவது இங்கேதான். வீட்டு மின் அட்டையில் குறிக்கிறார்களே, அந்த யூனிட் நம் எல்லோருக்கும் பழக்கமானது. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வண்டிக் கணக்கையும் அதிலேயே போடுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 1.28 யூனிட். அவ்வளவுதான். இந்த எண்ணை மனத்தில் நிறுத்திக்கொண்டால் ஆசைகள் தாமாகவே அளவுக்குள் வந்துவிடும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு கோடை நாளை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஓடும்போது 50 வாட் இழுக்கும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயிலில் அது பாதி நேரம் ஓடும், நாளைக்கு 0.6 யூனிட். 25 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரம் சுற்றினால் 0.5 யூனிட். எல்இடி விளக்குகள் நான்கு, மாலையில் ஐந்து மணி நேரம்: 0.12. நான்கு கைபேசிகள்: 0.06. தண்ணீர் பம்பு விட்டு விட்டு அரை மணி நேரம் ஓடினால் 0.03. காலைச் சட்னிக்கு மிக்சி மூன்று நிமிடம்: 0.03கூட வராது. கூட்டினால் 1.3 யூனிட்டைத் தாண்டுகிறது. கம்பியிலும், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித்தரும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்து ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிக்சி அதிக வாட் இழுக்கிறது என்று பலரும் அதைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். உண்மையில் பேட்டரியை இரவு முழுக்கக் காலி செய்வது ஃபிரிட்ஜும் விசிறியும்தான். நேரம்தான் பெரிய செலவு. கோயம்புத்தூர் கிரைண்டரைக்கூட வண்டியில் ஏற்றலாம். 150 வாட் மேசைக் கிரைண்டர் அரை மணி நேரம் ஆட்டினால் 0.08 யூனிட்கூட ஆகாது. ஆனாலும் மாவை வீட்டிலேயே ஆட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது. வண்டியில் இடமும் தண்ணீரும் மின்சாரத்தைவிட அருமையானவை.

சமையலுக்கு மின்சாரத்தை நினைக்கவே வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 150 ஆம்பியருக்கு மேல். ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் போதும். வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள்.

ஏசி பற்றிய கேள்வி வராமல் இருக்காது. ஒரு டன் ஏசி ஓர் இரவுக்கு ஐந்து யூனிட்டாவது கேட்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் நான்கைந்து வேண்டும். அவற்றை மறுநாள் நிரப்பும் அளவுக்குக் கூரையில் இடம் இருக்காது. முதல் வண்டியில் அந்தச் செலவைச் செய்யாதீர்கள். நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: எங்கிருந்து கிளம்பினாலும் சில மணி நேரத்தில் மலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே விசிறியே வேண்டியிருக்காது, 0.5 யூனிட் மிச்சம். சமவெளியில் தங்குவதானால் கோடையைத் தள்ளி, மார்கழி, தை, மாசியில் கிளம்புங்கள்.

யாரும் சொல்லாத ஒரு கசிவு: இன்வெர்ட்டர். எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதே அது 10 முதல் 20 வாட் வரை தின்றுகொண்டிருக்கும். 20 வாட் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட். இரண்டு விசிறிகள் இரவெல்லாம் சுற்றும் செலவு அது. ஆகவே விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், கைபேசி சார்ஜர் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே ஓடும்படி வாங்குங்கள். இன்வெர்ட்டரை மிக்சிக்காகவும் மடிக்கணினிக்காகவும் மட்டும் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது: பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி மலிவு, எங்கும் கிடைக்கும் என்பதால் பலரும் அதையே வண்டியில் ஏற்றப் பார்க்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. வளைவில் அமிலம் தளும்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய வண்டிக்குள் குழந்தைகள் படுக்கும் இடத்துக்குக் கீழே அதை வைப்பது தவறு. ஈய அமில பேட்டரிதான் கட்டுப்படியாகும் என்றால் மூடி முத்திரையிட்ட ஏஜிஎம் வகையை வாங்குங்கள். எந்த ஈய பேட்டரியிலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 150 ஆம்பியர்-மணியில் நம் கைக்கு வருவது 0.9 யூனிட்தான்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் (நான் லித்தியம் என்பது இதைத்தான்) பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம். 100 ஆம்பியர்-மணி ஒன்றின் எடையும் பன்னிரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். விலை கூடுதல், ஆனால் பல ஆண்டு உழைக்கும். முன்பு போட்ட கணக்கில் மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை ஆகும் செலவு ஒரு யூனிட். 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று அந்த இரவைத் தாங்கிவிடும். ஆனால் மறுநாள் வெயில் வந்தே தீர வேண்டும். 200 வைத்தால் ஒரு மேகமூட்டமான நாளையும் சமாளிக்கலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை 200.

லித்தியத்துக்கும் ஓர் எதிரி உண்டு, அது வெப்பம். பெரும்பாலானவற்றில் சார்ஜ் ஏற்றுவதற்கான உச்ச வெப்ப வரம்பு 45 முதல் 55 டிகிரிக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் காப்புப் பலகை சார்ஜை நிறுத்திவிடும். மே மாதம் காங்கேயத்தில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் ஐம்பது டிகிரியைத் தொடுவது சாதாரணம். பேட்டரியை எஞ்சின் பக்கமோ மேற்கு வெயில் படும் தகட்டை ஒட்டியோ வைக்காமல், தரையோடு, காற்று போய்வரும் பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளையும் ஒரு சிறிய விசிறியும் இருந்தால் போதும்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை எப்படி அறிவது? ஈய பேட்டரி என்றால் எல்லாவற்றையும் அணைத்து இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்து வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 12.7 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். லித்தியத்தில் இந்த வழி உதவாது. 13.3-க்கும் 13.0-க்கும் இடையிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். மீட்டர் நிறைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் மானிட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். இந்தப் பட்டியலில் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பியும் ஃபியூஸும்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. ஆனால் ஆயிரம் வாட் இன்வெர்ட்டருக்கு அந்தக் கம்பியில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி அதில் உருகித் தீப்பிடிக்கும். குறைந்தது 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, முடிந்த அளவு நீளம் குறைவாக; பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்; எல்லாவற்றையும் ஒரே திருப்பலில் துண்டிக்கும் மெயின் சுவிட்ச். கொங்கு நாட்டில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழில் தழைத்திருக்கிறது, திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் மாதக்கணக்கில் தங்குகின்றன. அந்த வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற ஆட்டோ எலக்ட்ரீசியன்களின் கை அனுபவம் பெரிது. ஆனால் சோலாரும் லித்தியமும் அவர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கம்பியின் கனத்தையும் ஃபியூஸின் அளவையும் தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்னொன்று: பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ ஒப்புதல் தேவை. பட்டறைக்குப் போகும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சார்ஜ் எங்கிருந்து வரும்

வீட்டிலிருந்து கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜையும் முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் ஓட்டிக் குளிரவைத்து, பாலும் காய்கறியும் மாவும் குளிர்ந்த பிறகே அதில் அடுக்குங்கள். சூடான வண்டிக்குள் சூடான ஃபிரிட்ஜில் சாதாரணத் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கினால் அன்றைய மின்சாரம் அதற்கே போய்விடும். குடிதண்ணீருக்கு ஒரு மண்பானை வைத்துக்கொள்ளுங்கள். நம் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் நன்றாகவே குளிரும். ஃபிரிட்ஜ் திறக்கும் தடவையும் பாதியாகும்.

வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து எடுக்கலாம். இதற்கு டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று மின்சாரத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் பேட்டரியை நேராக டைனமோவோடு இணைத்தால் அது கிடைத்ததையெல்லாம் இழுக்கும். டைனமோ சூடேறிக் கருகிவிடும். 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 0.4 யூனிட் தரும். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 0.8 யூனிட், அதாவது ஓர் இரவில் பெரும்பகுதி. அதே நேரம், சார்ஜுக்காக நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடாதீர்கள். டீசல் வீண், புகை வண்டிக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தனி, வீட்டுச் செலவுக்கான பேட்டரி தனி. இரண்டையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டவே கூடாது. சேர்த்துக் கட்டினால் இரவு விசிறி சுற்றிய களைப்பில் காலையில் செல்ஃப் எடுக்காது. பக்கத்து ஊரிலிருந்து மெக்கானிக்கை அழைத்துவர வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி வெயில். நம் பகுதியில் நல்ல நாளில் முழு வீச்சில் ஐந்து மணி நேர வெயிலுக்குச் சமமானது கிடைக்கும். 400 வாட் பலகையை ஐந்தால் பெருக்கினால் இரண்டு யூனிட். ஆனால் சூடான கூரை, தூசி, கம்பி இழப்பு எல்லாம் கால் பங்கைத் தின்றுவிடும், மிஞ்சுவது ஒன்றரை. நம் குடும்பத்தின் ஒரு நாள் செலவும் அதுவே. 200 வாட் பலகை ஒன்று ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்; இரண்டும் டெம்போ டிராவலர் கூரையில் தாராளமாக அடங்கும். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைச் சீராக்கும் கட்டுப்பாட்டுக் கருவி எம்பிபிடி (MPPT) வகையாக இருக்கட்டும். மலிவான பிடபிள்யூஎம் (PWM) வகை, பலகை தருவதில் ஒரு பங்கை வீணாக்கும்.

பலகை சூடானால் திறன் குறையும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல இழப்பு உண்டு. பலகை 65 டிகிரியைத் தொட்டால் பதினைந்து சதவீதம் போயிற்று. கூரைத் தகட்டோடு ஒட்டிப் பொருத்தாமல் நான்கு விரல் இடைவெளி விட்டால் அடியில் காற்று ஓடும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துச் செம்மண் தூசி ஒரே நாளில் படிந்துவிடும். காலையில் பலகை குளிர்ந்திருக்கும்போதே ஈரத்துணியால் துடையுங்கள். உச்சி வெயிலில் சுட்ட கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே. சித்திரை பிறந்த ஒரு வாரத்திலும், ஆவணி பிறந்த ஒரு வாரத்திலும் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும். அந்தக் காலத்தில் படுக்கைவாட்டில் இருக்கும் பலகையே சிறந்தது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே 34 டிகிரி சாய்ந்து நிற்கும். அப்போது பலகையைத் தெற்கு நோக்கித் தூக்கிவைக்க முடிந்தால் நண்பகல் வரவு ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

நான்காவது: எங்கே நிறுத்துவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். மனிதர்க்கு நிழல் வேண்டும், பலகைக்கு வெயில் வேண்டும். வண்டிப் பயணத்தின் மின்சாரச் சிக்கலெல்லாம் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் கண்ணைப் பறிக்கும். யாரானாலும் அங்கே நிறுத்தத்தான் ஆசைப்படுவார்கள். சார்ஜுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தென்னங்கீற்றின் நிழல் மெல்லியதாகத் தெரியும். ஆனால் பலகைக்குள் சில்லுகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கீற்றின் நிழல் சில சில்லுகளை மறைத்தால் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். நிழல் பத்தில் ஒரு பங்கு விழுந்தாலும் இழப்பு பாதிவரை போகலாம். இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக, அதாவது பேரலலாக இணைத்திருந்தால் ஒன்று நிழலில் மாட்டினாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் இணைத்தால் இரண்டும் தள்ளாடும். தோப்பில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. நெற்றுத் தேங்காய் விழுந்தால் பலகை தூள். கீழே குழந்தை இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. தோப்பைப் பார்த்து மகிழுங்கள், களத்து மேட்டில் நிறுத்துங்கள்.

தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் இருக்கின்றன. வெள்வேல மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மேய்ச்சல் நிலம். அங்கே தனித்து நிற்கும் மரம் ஒன்றைப் பிடித்தால் நிழல், வெயில் இரண்டையும் பெறலாம். மரத்துக்குக் கிழக்குப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். காலையில் சூரியன் கிழக்கிலிருந்து வரும். மரம் குறுக்கே வராது. ஒரு நாளின் வரவில் பெரும்பகுதி ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிக்குள் வந்துவிடும். அதன் பிறகு மரத்தின் நிழல் கிழக்கே நீண்டு வண்டிமேல் விழும். வண்டியைச் சூடேற்றும் மேற்கு வெயில் தடுக்கப்பட்டு, படுக்கும் நேரத்துக்குள் உள்ளே ஆறிவிடும். விசிறியின் வேலையும் குறையும். மரத்துக்கு எவ்வளவு தள்ளி என்பதை முதல் நாள் மாலையில் நிழலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

யாருடைய நிலமானாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மேய்ச்சல் நிலத்தில் வேலியையும் படலையும் இருந்தபடியே விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு படலைத் திறந்து விட்டுவிட்டால் ஆடு மாடுகள் வெளியே போய்விடும். கொங்கு நாட்டில் தோட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) வந்து படுங்கள் என்று அழைக்கவும் செய்வார்கள். கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள் என்றும் அன்போடு சொல்வார்கள். அதை மட்டும் மறுத்துவிடுங்கள். கட்டணமில்லாத விவசாய இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே உரியது. வேறு வேலைக்குப் பயன்பட்டால் இணைப்பு வைத்திருப்பவர்மேல் நடவடிக்கை வரும். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970களில் மாட்டு வண்டிகளோடு கோவை வீதிகளை நிறைத்து விவசாயிகள் மின்கட்டணத்துக்காகப் போராடிய மண் இது. அவர்களுக்கு உரியதில் நம் விசிறிக்காகக் கைவைப்பது முறையல்ல.

ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் நினைத்த இடத்தில் இரவு தங்குவதற்கு அனுமதி இல்லை. வால்பாறையிலும் யானையும் சிறுத்தையும் நடமாடும். சாலையோரம் வேண்டாம், விடுதி வளாகத்துக்குள் இடம் கேட்டு நிறுத்துங்கள்.

காலம் பார்ப்பதும் இடம் பார்ப்பதைப் போலவே முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழலும் பருவம். அப்போது வால்பாறை மழையில் நனைந்துகொண்டிருக்கும். பொள்ளாச்சி வானம் மேகமாக இருக்கும். அங்கிருந்து கிழக்கே தாராபுரம் போனால் மழை மறைவு, வெயில் விட்டு விட்டு வரும். காற்று பலகையைக் குளிரவைப்பதால் வெயில் வரும் நேரத்தில் வரவு நன்றாகவே இருக்கும். ஆனால் தரையில் விரிக்கும் மடக்குப் பலகையைக் கயிறு கட்டி, முளை அடித்து வையுங்கள்; ஆடிக் காற்று அதைப் பட்டம்போலத் தூக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வெயிலை நம்பாமல், தினமும் ஓரிரு மணி நேரம் வண்டி ஓடும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளின் ஒழுங்கு

காலையில் எழுந்ததும் மானிட்டரைப் பாருங்கள். லித்தியத்தில் முப்பது சதவீதத்துக்குமேல் இருந்தால் கவலை இல்லை. ஊர் மாறுவதானால் விடியற்காலையிலேயே ஓட்டி, பத்து மணிக்குள் அடுத்த இடத்தில் நின்றுவிடுங்கள். ஈய பேட்டரிக்காரர்களுக்கு இதில் கூடுதல் லாபம். அந்த பேட்டரி முதல் எண்பது சதவீதத்தை வேகமாக ஏற்றுக்கொள்ளும். கடைசி இருபதுக்கு மணிக்கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். வேகமான பங்கை டைனமோவும் மெதுவான பங்கை வெயிலும் பார்த்துக்கொண்டால் மாலைக்குள் நிறைந்துவிடும்.

மடிக்கணினி, கைபேசி, கேமரா, டார்ச் எல்லாவற்றையும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் சார்ஜ் செய்துவிடுங்கள். மிக்சியும் அப்போதே. பேட்டரி நிறைந்த பின் பலகையில் வருவது வீணாகத்தான் போகிறது. அதைப் பகலிலேயே செலவழிப்பது நல்லது. ஃபிரிட்ஜைப் பகலில் 2 டிகிரிக்கு வைத்து, இரவு படுக்கும்போது 6-க்கு மாற்றினால் உள்ளே இருக்கும் பொருள்களின் குளிர்ச்சியே பாதி இரவைத் தாங்கும்.

மாலை ஆறு மணிக்கு மீண்டும் ஒருமுறை பாருங்கள். அப்போது எழுபது சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றிரவே சிக்கனம் தொடங்க வேண்டும். நள்ளிரவில் தொடங்கிப் பயனில்லை. ஒரு விசிறியை நிறுத்தி எல்லோரும் மற்றதன் பக்கம் படுப்பது, வெளி விளக்கை அணைப்பது, இன்வெர்ட்டர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. இன்னும் போதாவிட்டால் ஃபிரிட்ஜ். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். வீட்டில் யாருக்காவது இன்சுலினோ தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவியோ தேவையென்றால் வரிசை தலைகீழ்: அதற்கான பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளட்டும்.

தொலைதூரம் போவதற்கு முன் உங்கள் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒயர் இழுக்காமல், ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு, எல்லாம் பயணத்தில் எப்படியோ அப்படியே. மாலையில் எத்தனை சதவீதம், காலையில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளில் போட்ட கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் வண்டியின் உண்மையான கணக்கு. எங்கோ கசிவு இருந்தால் அன்றே தெரிந்துவிடும். எலக்ட்ரீசியனும் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

திரும்பி வந்த பிறகு

பயணம் முடிந்து வண்டியைச் சும்மா நிறுத்தும் மாதங்களில்தான் நிறைய பேட்டரிகள் சாகின்றன. ஈய பேட்டரி என்றால் முழுவதும் ஏற்றி வைத்து மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு சார்ஜ் பிடிக்காது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, அதனால் நிழலில் நிறுத்துங்கள். லித்தியம் என்றால் பாதி அளவில் விட்டு மெயின் சுவிட்சைத் திருகி அணைத்துவிடுங்கள். சோலார் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் அது நாள்தோறும் நூறு சதவீதத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மானிட்டரைப் பார்த்து, முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் பாதிக்கு ஏற்றிவையுங்கள். முனைகளின் நட்டுகளை அப்போதே ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். மலைச்சாலைக் குலுக்கலில் அவைதான் முதலில் தளர்கின்றன.